ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும்

மருத்துவத்துக்காகத் தயாராகும் மெல்லிய பாலிமர் படலங்களைப் பற்றி வாசகர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். ஆய்வகத்தில் தவிக்கும் மாணவியும் எழுதியிருக்கிறார், அப்பாவின் ஸ்டென்ட்டை நினைத்துக் கவலைப்படும் மகனும் எழுதியிருக்கிறார்.

‘மெல்லிய படலம்’ என்றால் எவ்வளவு மெல்லிசு? கடை கேரி பேக் அளவுக்கா?
*வங்கி ஊழியர், ஈரோடு*

கேரி பேக் ரொம்பத் தடிமன். மத்திய அரசின் விதிப்படி 2022 டிசம்பர் 31 முதல் அது 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. தலைமுடி சுமார் 50 முதல் 100 மைக்ரான். டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் ஷின்ஜி தகேவோகா குழுவினர் செய்த படலம் ஒன்றின் தடிமன் 75 நானோமீட்டர். ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரான். அப்படியானால் ஒரு முடியின் குறுக்களவுக்குள் இந்தப் படலங்களை ஆயிரம் அடுக்கலாம்.

இவ்வளவு மெலிந்த பிறகு படலத்துக்குப் புதுக் குணம் ஒன்று வருகிறது. பசையே வேண்டியதில்லை. ஈரமான உறுப்பின் மேடு பள்ளமெல்லாம் முழுக்கப் படிந்து, தானாகவே ஒட்டிக்கொள்கிறது. விலங்குகளின் நுரையீரல் உறையில் உண்டான கிழிசலை, தையல் போடாமல் இந்தப் படலத்தாலேயே அடைத்துக் காட்டினார்கள்.

எங்கள் பகுதிப் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். அது மருந்துக்குப் போகிறதாமே, உண்மையா?
*பட்டதாரி, ராமேஸ்வரம்*

உண்மை. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருவது அகார். உலகத்தின் கிருமிப் பரிசோதனைத் தட்டுகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான். கட்டக்கோரையிலிருந்து வருவது அல்ஜினேட். நீர் கசியும் புண்களுக்கான கட்டுகள் அதில் செய்யப்படுகின்றன. மேலே சொன்ன 75 நானோமீட்டர் படலமும் பாதி அல்ஜினேட்தான். மறுபாதி கைட்டோசான், அதாவது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. ஒன்றுக்கு எதிர்மின்னூட்டம், இன்னொன்றுக்கு நேர்மின்னூட்டம். மாற்றி மாற்றிப் பூசினால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காகப் படலம் வளர்கிறது. ஜெர்மானிய வேதியியலர் கெரோ டெஷர் 1990-களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த முறை இது.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையடியில் இறங்கும் உங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தாங்கள் பறிப்பது எங்கே போகிறது என்று யாராவது சொல்ல வேண்டும். நீங்களே சொல்லுங்கள்.

உடலுக்குள் வைப்பதை நல்ல தடிமனாக, உறுதியாகச் செய்தால் என்ன?
*கட்டடப் பொறியாளர், சேலம்*

கட்டடத்துக்குத் தடிமன் பலம், செல்லுக்கு அது பட்டினி. உடலில் பெரும்பாலான செல்கள் ஏதாவதொரு நுண்ரத்தக்குழாயிலிருந்து 100, 200 மைக்ரான் தூரத்துக்குள்ளேயே வாழ்கின்றன. அதற்கு மேல் ஆக்சிஜன் ஊறிப் போய்ச் சேராது. ஆய்வகத்தில் விரல் மொத்தத்துக்குத் திசு வளர்த்தால் மேற்பரப்பு பிழைக்கும், நடுப்பகுதி மூச்சுமுட்டிச் சாகும். கருவிழிக்கு ரத்தக்குழாயே கிடையாது, பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. தோலுக்கோ அடியிலிருந்து புது ரத்தக்குழாய் ஏறி வரும். திசுப் பொறியியல் முதலில் வென்றது இந்த இரண்டு இடங்களில்தான். ஆய்வகத்தில் வளர்த்த முழுச் சிறுநீரகம் இன்னும் கைக்கு எட்டாததற்கு ரத்த ஓட்டமும் ஒரு பெரிய காரணம்.

பாலிலாக்டிக் அமிலத்தைக் குளோரோஃபார்மில் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவிடுகிறேன். ஓரம் தடிக்கிறது, நடு மெலிகிறது. மழை நாளில் படலமே வெளுத்துவிடுகிறது. என் கைப்பக்குவம் சரியில்லை என்கிறார் கைடு.
*ஆராய்ச்சி மாணவி, கோயம்புத்தூர்*

கையின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. இரண்டுக்கும் இயற்பியல் பதில் வைத்திருக்கிறது.

முதலில் ஓரம். மேஜையில் சிந்திய காபித் துளி காய்ந்ததும் நடு வெளுத்து, விளிம்பில் மட்டும் கருவளையம் நிற்கும், பார்த்திருப்பீர்கள். 1997-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் சகாக்களும் அதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். துளியின் விளிம்பு இடம் பெயராமல் பிடித்துக்கொள்கிறது. ஆவியாதல் அங்கேதான் வேகம். அங்கே இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் திரவம் ஓடுகிறது. கூடவே அதிலிருக்கும் துகள்களும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. உங்கள் தட்டிலும் அதே ஓட்டம் நடக்கிறது. போதாததற்குக் கரைசல் கண்ணாடிச் சுவரில் கொஞ்சம் ஏறியும் நிற்கிறது.

எனவே அவசரப்படாமல் காயவிடுங்கள். தட்டின் மேல் பெரிய கண்ணாடி மூடியைக் கவிழ்த்து, உள்ளே ஒரு சிறு கிண்ணத்தில் குளோரோஃபார்மும் வைத்தால் ஆவி நிறைந்து, உலர்வது மந்தமாகும். ஃபியூம் ஹுட்டுக்குள்தான் இதைச் செய்ய வேண்டும், ஆனால் அதன் காற்றோட்டம் தட்டின் மேல் நேராகப் படக் கூடாது. ரசமட்டம் வைத்துத் தளத்தின் மட்டத்தைப் பாருங்கள். பலரும் இதை விட்டுவிட்டுக் கரைசலைக் குறை சொல்கிறார்கள். தேவையைவிடப் பெரிய தட்டில் ஊற்றி, ஓரத்தை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதும் தவறில்லை.

அடுத்து வெளுப்பு. குளோரோஃபார்ம் வேகமாகக் கிளம்பும்போது கரைசலின் மேற்பரப்பு சில்லிட்டுவிடுகிறது. மழை நாளின் ஈரக்காற்று அதன் மேல் நுண்துளிகளாகப் படிகிறது. நீர் போன இடமெல்லாம் குழி. அந்தக் குழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் படலம் வெள்ளையாகத் தெரிகிறது. பிரான்சில் பெர்னார் பிரான்சுவா குழுவினர் இதே ஈரக்காற்றை வேண்டுமென்றே செலுத்தி, அறுகோண ஒழுங்கில் துளைகள் அமைந்த படலங்களைச் செய்து 1994-ல் வெளியிட்டார்கள். செல்கள் பற்றி வளர அத்தகைய பரப்புகளை இன்று தேடித் தேடிச் செய்கிறார்கள். ஆகவே தினமும் காற்றின் ஈரப்பதத்தை நோட்டில் குறியுங்கள். வெளுத்த படலத்தைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை நுண்ணோக்கியில் பாருங்கள். கைடையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். படலம் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே குளோரோஃபார்ம் எஞ்சியிருக்கும். மருந்துப் பொருள்களில் அது பத்து லட்சத்தில் 60 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். வேக்குவம் அவனில் வைத்து வெளியேற்றாமல் செல்களை மேலே விட்டால், அவை செத்ததற்குப் பாலிமர் மேல் குற்றம் சொல்வீர்கள்.

ஸ்பின் கோட்டர் வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா?
*உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்*

ஓரத் தொல்லை பெரும்பாலும் தீரும். தட்டையான தகட்டின் நடுவில் கரைசலை விட்டு, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழற்றினால் சில நொடிகளில் சீரான படலம். சுழற்சியை நான்கு மடங்காக்கினால் தடிமன் ஏறத்தாழப் பாதியாகும். ஊற்றிய கரைசலில் பெரும்பகுதி வெளியே தெறித்து வீணாகும், விலை உயர்ந்த பாலிமர் என்றால் வயிறு எரியும். வளைந்த பொருளுக்கு இது ஆகாது. அதற்குக் கரைசலில் முக்கிச் சீரான வேகத்தில் தூக்குவதுதான் வழி.

சுழற்றிச் செய்த படலம் கண்ணாடியை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. உரித்தால் கிழிகிறது.
*எம்.டெக். மாணவர், திருச்சி*

உரிக்காதீர்கள் தம்பி, அடித்தளத்தைக் கரைத்துவிடுங்கள். முதலில் தண்ணீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹாலை ஓர் அடுக்குப் பூசுங்கள். அதன் மேல் உங்கள் பாலிமர். பிறகு தண்ணீரில் வைத்தால் அடியடுக்கு கரைந்து, படலம் கிழியாமல் மிதந்து வரும். மிக மெல்லிய படலத்தைக் கையாளவும் இதே பொருள் உதவும். மேலே தடிப்பாகப் பூசி, தாளாக எடுத்து, உறுப்பின் மேல் வைத்தபின் உப்புநீர் விட்டுக் கரைத்துவிடலாம்.

இந்தத் துறையின் பாட்டி யார்?
*பள்ளி ஆசிரியை, கோவில்பட்டி*

பாட்டி என்றே கேட்டுவிட்டீர்கள், சரியான பதிலும் ஒரு பெண்தான். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பாக்கல்ஸ். பல்கலைக்கழகப் படிப்புக்கு வழியில்லாமல், பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தவர். தண்ணீர் மேல் எண்ணெய் எப்படிப் பரவுகிறது என்பதை அளக்கத் தகரத் தொட்டி ஒன்றைத் தாமே வடிவமைத்தார். கண்டதையெல்லாம் இயற்பியலர் லார்ட் ராலேவுக்கு எழுதினார். ராலே அந்தக் கடிதத்தை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்து, 1891-ல் ‘நேச்சர்’ இதழில் வரவைத்தார். பின்னாளில் இர்விங் லாங்மியூரும் கேத்தரின் பிளாட்ஜெட்டும் ஒற்றை மூலக்கூறுத் தடிமனில் படலம் எடுத்த தொட்டி, அந்தத் தகரத் தொட்டியின் வழிவந்தது. உங்கள் மாணவிகளுக்கு இந்தப் பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.

தட்டில் வளர்ந்த செல்லைச் சுரண்டி எடுத்து உடம்பில் வைக்க வேண்டியதுதானே? நடுவில் பாலிமருக்கு என்ன வேலை?
*ஆய்வகத் தொழில்நுட்பர், மதுரை*

சுரண்டினால் கிழியும். டிரிப்சின் ஊற்றினால் பிரியும், ஆனால் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகிவிடும். ஒன்றையொன்று பிடித்திருந்த புரதங்களை அந்த நொதி வெட்டிவிடுகிறது. தரையைப் பற்றியிருந்த பிடிமானமும் அறுந்துபோகிறது. அப்படிப்பட்ட செல்களை ஊசியில் ஏற்றினால் பெரும்பகுதி நினைத்த இடத்தில் தங்குவதில்லை.

டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் டெருவோ ஒகானோ வேறு கேள்வி கேட்டார்: செல்லைத் தட்டிலிருந்து பிரிப்பதற்குப் பதில், தட்டே செல்லை விட்டுவிட்டால்? அதற்கு அவர் தட்டின் மேல் பூச எடுத்துக்கொண்டது பாலி-என்-ஐசோபுரொப்பைல்அக்ரிலமைடு. 32 டிகிரி செல்சியஸுக்கு மேலே அது நீரை உதறிச் சுருங்குகிறது, செல்கள் ஒட்டுகின்றன. அதற்குக் கீழே நீரை உறிஞ்சி விரிகிறது, செல்கள் பிடியை விடுகின்றன. 37 டிகிரியில் வளர்த்து, 20 டிகிரிக்குக் குளிரவைத்தால் செல்கள் கைகோத்தபடியே ஒரே தாளாகப் பிரிந்து வருகின்றன. கத்தி வேண்டாம், நொதி வேண்டாம். செல்கள் தாமே சுரந்த பசைப்புரதங்களும் அடிப்பக்கம் அப்படியே வந்துவிடுவதால் உறுப்பின் மேல் வைத்ததும் தையலில்லாமல் ஒட்டுகின்றன.

நான் இந்தத் துறையில் அதிகம் வியப்பது அந்தப் பூச்சின் தடிமனைத்தான். 15, 20 நானோமீட்டர் இருந்தால்தான் வேலை நடக்கும். 30-ஐத் தாண்டினால் 37 டிகிரியிலும் செல் ஒட்டாது. மெல்லிய பூச்சில் பாலிமர்ச் சங்கிலிகளின் அசைவை அடியிலுள்ள பிளாஸ்டிக் இழுத்துப் பிடித்திருக்கிறது. பூச்சு தடித்தால் மேலே உள்ளவை கட்டுப்பாடின்றி நீரோடு ஆடுகின்றன. அவ்வளவு சின்ன இடைவெளியில் நிற்கிறது முழுச் சிகிச்சையும். மெல்லியதாகச் செய்வதோடு இந்த வேலை முடிவதில்லை. எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதைப் படலத்துக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டும்.

2004-ல் ஒசாகாவில் கோஜி நிஷிதா குழுவினர், இரு கண்ணிலும் கருவிழியின் மூலச்செல்களை (ஸ்டெம் செல்) இழந்த நான்கு பேரின் வாயிலிருந்து 3 மில்லிமீட்டர் சதுரத் திசு எடுத்து, இப்படித் தாளாக வளர்த்துக் கண்ணில் வைத்தார்கள். நால்வருக்கும் பார்வை மேம்பட்டது. வாய்ச் செல்லை வைத்துச் செய்யும் அந்தச் சிகிச்சைக்கு ஜப்பான் 2021-ல் அனுமதி தந்தது.

தாம்பூலச் சுண்ணாம்பு பாக்கெட் வெடித்து என் பையனின் கண்ணில் தெறித்துவிட்டது. ஒரு கண் மங்கல். இந்தப் படலங்களால் வழி உண்டா?
*ஒரு தாய், விழுப்புரம்*

உண்டு அம்மா. முதலில் மற்றப் பெற்றோருக்கு: சுண்ணாம்பு பட்ட நொடியே குழாய்த் தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம், இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். கழுவியபின்தான் ஆட்டோ.

உங்கள் பையனுக்கு ஒரு கண் நன்றாக இருப்பது பெரிய பலம். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து துளி திசு எடுத்து, பிரசவத்தில் தாய்மார் தானம் தரும் பனிக்குட உறையின் மேல் வளர்த்துப் பாதித்த கண்ணில் வைத்துவந்தது. 2012-ல் அவர்கள் இன்னும் எளிய வழியை வெளியிட்டார்கள். அந்தத் திசுவைப் பொடியாக நறுக்கி, உறையின் மேல் கண்ணிலேயே ஒட்டிவிடுவது. தனி ஆய்வகமே வேண்டாம். ஏழை நாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி எது?

பனிக்குட உறைக்குத் தானம், பரிசோதனை, குளிர்சேமிப்பு எல்லாம் தேவை. அதற்கு மாற்றாக இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் ஹைதராபாத்தும் சேர்ந்து, தானே கரையும் பாலிமர் இழைகளாலான மெல்லிய சவ்வு ஒன்றை உருவாக்கி நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கின. கருவிழிப் பிரிவு உள்ள கண் மருத்துவமனையில், ‘மூலச்செல் குறைபாடா’ என்று குறிப்பாகக் கேளுங்கள். அந்தக் குறைபாட்டோடு வெறும் கருவிழி மாற்று செய்தால் நிலைக்காது.

படலம் உடம்பில் கரைகிறது என்கிறார்கள். கரைந்து எங்கே போகும்?
*இல்லத்தரசி, தஞ்சாவூர்*

பாலிலாக்டிக் அமிலம் நீரால் துண்டாகி லாக்டிக் அமிலமாகும். நாம் மூச்சிரைக்க ஓடும்போது தசையில் உண்டாகுமே, அதேதான். அதை உடல் எரித்து நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேற்றிவிடும்.

இதில் எதிர்பாராத ஒரு செய்தி உண்டு. இந்தப் பாலிமரில் தடித்த கட்டி, மெல்லிய படலத்தைவிடச் சீக்கிரம் சிதையும். கட்டியின் உள்ளே உண்டாகும் அமிலம் வெளியேற முடியாமல் தேங்கி, மேலும் சிதைவைத் தூண்டுகிறது. படலத்தில் அமிலம் உடனுக்குடன் வெளியேறிவிடுகிறது. பிரான்சின் மோன்பெலியேவில் மிஷேல் வேர் குழுவினர் இதை அளந்து காட்டினார்கள்.

செல்லுக்குத் தான் உட்கார்ந்திருக்கும் பரப்பு மெத்தென்று இருக்கிறதா, கெட்டியா என்று தெரியுமா?
*பத்தாம் வகுப்பு மாணவன், காரைக்குடி*

தெரியும்! 2006-ல் அமெரிக்காவில் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழுவினர் ஒரே மூலச்செல்லை மூன்று விதப் பரப்பில் வளர்த்தார்கள். மூளை அளவுக்கு மென்மையான பரப்பில் நரம்புச் செல்லின் பக்கமாகச் சாய்ந்தது, தசை அளவில் தசையாக, கெட்டியானதில் எலும்பாக. செல் தரையை இழுத்துப் பார்த்துத்தான் இதை அறிகிறது.

அப்பாவுக்கு வைத்த ஸ்டென்ட்டில் பாலிமர் பூச்சு இருக்கிறதாம். அது ரத்தத்தில் கலந்துவிடாதா?
*மென்பொருள் ஊழியர், சென்னை*

பயப்படாதீர்கள். அந்தப் பூச்சு சில மைக்ரான் தடிமன்தான். அதற்குள் இருக்கும் மருந்து மெல்லக் கசிந்து, ரத்தக்குழாய் மறுபடி அடைபடாமல் காக்கிறது. முதலில் பயன்பட்ட மருந்து சிரோலிமஸ், ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. அதைப் பிரித்தெடுத்ததில் முன்நின்றவர் சுரேந்திர நாத் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி. மனிதருக்கு இந்த ஸ்டென்ட் முதலில் வைக்கப்பட்டது 1999-ல், பிரேசிலின் சாவ் பாவ்லோவில்.

முதல் தலைமுறைப் பூச்சுகளில் ஒரு குறை இருந்தது. மருந்து தீர்ந்தபிறகும் பாலிமர் அங்கேயே இருந்து, சிலருக்குக் குழாய்ச் சுவரை உறுத்தியது. தாமதமாக ரத்தம் உறைவது பற்றி 2006-ல் உலகம் முழுக்கக் கவலை எழுந்தது. பிறகு வந்தவற்றில் சில கரைந்துபோகும் பூச்சுகள். வேறு சில நிரந்தரமானவை, ஆனால் ரத்தம் பொறுத்துக்கொள்ளும் ஃபுளோரின் பாலிமர். கரைவதெல்லாம் மேல் என்றும் சொல்ல முடியாது. ஸ்டென்ட் முழுவதையுமே கரையும் பாலிமரில் செய்த ‘அப்சார்ப்’ 2016-ல் அமெரிக்க அனுமதி பெற்று, 2017-ல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் கம்பிகள் தடித்திருந்தன, உறைவு அதிகம் காணப்பட்டது.

அப்பா செய்ய வேண்டியது ஒன்றுதான். ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் முதலில் அவரைக் கேட்க வேண்டும்.

தீக்காயத்துக்குச் செயற்கைத் தோல் இருக்கிறதா?
*செவிலியர், வேலூர்*

1981-ல் பாஸ்டனில் மருத்துவர் ஜான் பர்க்கும் எம்.ஐ.டி.யின் அயோனிஸ் யன்னாஸும் செய்து காட்டினார்கள். கீழே மாட்டுக் கொலாஜனும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலியும் கலந்த நுண்துளைப் படுகை. மேலே ஈரத்தைக் காத்து, கிருமியைத் தடுக்கும் மெல்லிய சிலிக்கோன் படலம். நோயாளியின் செல்கள் படுகைக்குள் ஏறிப் புது அடித்தோலைக் கட்டுகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் சிலிக்கோனை உரித்துவிட்டு, மிக மெல்லிய சொந்தத் தோலை ஒட்டுகிறார்கள். ‘இன்டெக்ரா’ என்ற பெயரில் 1996-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. விலைதான் எட்டாது. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கொலாஜன் தாள் தீக்காயக் கட்டாகப் பயன்பாட்டுக்கு வந்தது. செருப்புக்கும் பைக்கும் போன தோலின் அறிவு மனிதத் தோலைக் காக்க வந்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

செய்த படலத்தைக் கொதிக்க வைத்தால் கிருமி போகாதா?
*மருந்தாளுநர், திண்டுக்கல்*

கிருமியோடு படலமும் போகும். பாலிலாக்டிக் அமிலம் 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும், ஆட்டோகிளேவோ 121 டிகிரி. எத்திலீன் ஆக்சைடு வாயு அல்லது காமா கதிர்தான் வழி. காமா கதிர் பாலிமர்ச் சங்கிலிகளைக் கொஞ்சம் வெட்டும். அதைக் கணக்கில் வைத்துத்தான் கரையும் காலத்தைச் சொல்ல வேண்டும்.

இதயத்துக்கும் செல் தாள் ஒட்டுகிறார்களாமே?
*ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்*

ஒட்டினார்கள். நோயாளியின் தொடைத் தசைச் செல்களால் ஆன ‘ஹார்ட்ஷீட்’டுக்கு ஜப்பான் 2015-ல் நிபந்தனையோடு அனுமதி தந்தது. பலனை நிரூபிக்கக் கால அவகாசமும் தந்தது. 2024-ல் நிபுணர் குழு, போதிய பலன் காட்டப்படவில்லை, முழு அனுமதி தரலாகாது என்று முடிவெடுத்தது. வருத்தமான முடிவு, சரியான முடிவு.

‘ஸ்டெம் செல் படலம் வைத்து முட்டியை, கண்ணை, முதுகைக் குணப்படுத்துகிறோம்’ என்று ஒரு விளம்பரம். பல லட்சம் கேட்கிறார்கள். போகலாமா?
*விவசாயி, பொள்ளாச்சி*

பணத்தை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது மருத்துவச் சோதனையா? பதிவு எண் என்ன?” இந்தியாவில் இத்தகைய சோதனைகளை அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். சி.டி.ஆர்.ஐ. என்ற இணையதளத்தில் யாரும் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களைப் போன்று ஏற்றுக்கொள்ளப்பட்டவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளைச் சோதனையாக மட்டுமே செய்யலாம். சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பதிவு எண் சொல்லத் தயங்கினாலோ, முன்பணம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் கையோடு வாங்கிக்கொண்டு, அரசு மருத்துவக் கல்லூரியின் எலும்புப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள்.